மட்டக்கம்பு

பேர் பதிந்த முதல் நாள்
எனக்குக் கிடைத்தவை
இடுப்பில் கட்ட ஒரு படங்கு, கையில் ஒரு மட்டக்கம்பு.
செடியின் தலையில் கம்பை வைக்க வேண்டும்.
அதற்கு மேலே எது எட்டிப் பார்க்கிறதோ
அதைக் கிள்ளிக் கூடையில் போட வேண்டும்.

இப்போது எனக்கு முப்பத்தெட்டு.
கம்பு தேய்ந்து மூன்று முறை மாற்றியாயிற்று.
அளவு மாறவில்லை.

கிராம சேவகர் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"மகளுக்கா?"
"எனக்கு."
"சாதாரண தரமா? எந்தப் பாடம்?"
"கணக்கு மட்டும். மற்றதெல்லாம் அப்பவே பாஸ்."
பேனாவை மூடி சட்டைப் பையில் செருகினார்.
கையெழுத்து அடுத்த செவ்வாய்தான் கிடைத்தது.

லயத்துக் குழாயில் தண்ணீர் வருமுன்பே
செய்தி வந்துவிட்டது.
தவமணிக்குக் கிறுக்கு.
மகள் பெரியவளாகி நிற்கையில் தாய்க்குப் பரீட்சையாம்.
பாஸ் பண்ணி துரைசாணியாகப் போறாளோ?

என் புருஷன் ஒன்றும் சொல்லவில்லை.
முன்னறையில் இருந்த குமிழைக் கழற்றி
அடுப்படியில் மாட்டினான்.
நான் படிப்பது அடுப்படியில்தான்.
அது உதவியா, இடமொதுக்கியதா,
இன்னும் எனக்குத் தெரியவில்லை.
கேட்கவுமில்லை.

சிரித்தவர்களைத் தாங்கிக்கொண்டேன்.
அன்பாய்ச் சொன்னவர்களைத்தான் முடியவில்லை.
"நம்மளுக்கு எதுக்கு தாயி இதெல்லாம்?"
நம்மளுக்கு.
எவ்வளவு கதகதப்பான சொல்!
தலைவரை இழுத்துப் போர்த்திய கம்பளி.
உள்ளே கையை அசைக்க முடியாது.

சனிக்கிழமை பொகவந்தலாவையில் டியூஷன்.
ரொஷாந்தன் சேருக்கு இருபத்துநாலு வயது,
என்னை அக்கா என்பார்.
பலகையில் குறுக்காக ஒரு கோடு இழுத்தார்.
"இதன் படித்திறன் பூச்சியம்.
ஏறவும் ஏறாது, இறங்கவும் இறங்காது."
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
"சேர், அது எங்க மட்டக்கம்பு."
பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள்.

மேட்டு ரோட்டில் மூச்சு வாங்க
வீட்டுக்கு நடக்கும்போதுதான் உறைத்தது,
நான் சொன்னது பிழை.
மலையே சாய்ந்து கிடக்கிறது.
அதில் வைத்த கம்பும் சாய்ந்துதான் கிடக்கிறது.
பிறந்ததிலிருந்து படித்திறனில்தான் நிற்கிறேன்,
பாரத்தோடு ஏறுகிறேன்.
இதற்குப் போய் மட்டம் என்று
யார் பேர் வைத்தது?
வேறு யார்,
தட்டுகிறவர்கள்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும்.
பத்தாம் நம்பர் மலைக்கும் பக்கத்துத் தோட்டத்துக்கும் நடுவே
ஓடையோரம் ஒரு மரம்,
யார் கணக்கிலும் ஏறாதது.
வெள்ளையாய்ப் பூக்கும், நடுவில் மஞ்சள் தூள்.
எத்தனையோ பகல் அதன் நிழலில் ரொட்டி தின்றிருக்கிறேன்.
ஒருநாள் அட்டைக்கடிக்கு அப்ப
ஒரு இலையைக் கசக்கினேன்.
வாசம் வந்தது.
தேயிலை.
கவ்வாத்துக் கத்தி மறந்துபோன தேயிலை.

கணக்கப்பிள்ளையிடம் ஓடிச் சொன்னேன்.
"அதுவா, பிரயோசனமில்லாம வளந்து போச்சு" என்றார்.
அன்று கோபம் வரவில்லை.
திரும்பிப் போய் அதன் உச்சியைத் தேடினேன்.
கழுத்து வலித்தது.
தேயிலையைப் பார்க்க
அதுவரை நான் நிமிர்ந்ததே இல்லை.

பரீட்சை மண்டப வாசலில்
"பெற்றோர் வெளியே நில்லுங்க" என்றார் ஒருவர்.
அனுமதி அட்டையைக் காட்டினேன்.
பதினாறு வயதுக்கு அடித்த மேசை.
உட்கார்ந்ததும் முழங்கால் இடித்தது.

ஆறாவது கேள்வி, வரைபு.
அடிமட்டத்தை வைத்துக் கோடு இழுக்கையில்
முழங்கால் மேசையைத் தூக்கிவிட்டது.
பென்சில் வழுக்கி, தாளின் விளிம்பு வரை
மேலே ஓடிற்று.
பார்க்க நன்றாகத்தான் இருந்தது.
அழித்தேன்.
எனக்குப் புள்ளி வேண்டும்.

கால்களை இரண்டு வரிசைக்கும் நடுவே நீட்டிக்கொண்டு
மறுபடி இழுத்தேன்.
விடைத்தாள் கொடுக்க வந்தவர்
சுற்றித்தான் போக வேண்டியிருந்தது.