காலி எடை

உனக்கு ஒன்றுமில்லை,
அதனால்தான் நீ வேண்டும் என்றார்
டாக்டர் நூர்ஜஹான்.
சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, இரட்டை இல்லை.
இல்லை இல்லை என்று பதினொரு கட்டம் நிரப்பி
அடியில் கையெழுத்து கேட்டார்.
மலையாளத் தாளைத் தமிழில் வாசித்துக் காட்டினார்.
‘சாதாரணம்’ மட்டும் இரண்டிலும் ஒரே சொல்.

ஆய்வில் நான் நாற்பத்து மூன்று.
மாதம் ஒரு வெள்ளி, வேலந்தாவளத்திலிருந்து
சித்தூருக்கு பஸ்.
ஒண்ணுமில்லாததுக்கு எதுக்கம்மா லீவு?
முதலாளி கேட்டதற்குப் பதில் தெரியவில்லை அப்போது.

சோதனைச்சாவடிக்கு இந்தப் பக்கம்
எடை மேடையில் சீட்டு அடிக்கிறவள் நான்.
தேங்காய், வைக்கோல், ஹாலோ பிளாக், கோழித் தீவனம்.
கண்ணாடிக்குப் பின்னாலிருந்து
எண்ணை மட்டும் பார்ப்பேன்.

இருட்டறை. வயிற்றில் ஜெல்லின் குளிர்.
ஆணா பெண்ணா சொல்லமாட்டோம் என்று
சுவரில் பலகை.
அவர் தேடியது அதை அல்ல, ரத்தம் போகும் வழியை.
திரையில் சாம்பல் புழுதி.
புழுதிக்குள் சட்டென்று
சிவப்பும் நீலமுமாய் முறுக்கிய கயிறு.

சிவப்பு நல்ல ரத்தம், நீலம் கெட்டதா?
அல்ல. கருவியை நோக்கி வருவது சிவப்பு,
விலகிப் போவது நீலம்.
கையைத் திருப்பினார். நிறம் மாறியது.
இது எனக்குப் புதிதில்லை.
எங்கள் ஊரில் நின்றால் பாலக்காட்டு பஸ் போகிறது,
அங்கே நின்றால் அதே பஸ்
வருகிறது.

ஷ்வாசம் பிடிக்கணும், மிண்டக்கூடாது.
பிடித்தேன்.
யாரோ ஈரத்துணியை உதறி உதறிக்
காயப்போடும் சத்தம்.
அதற்கடியில் நிற்காத காற்று.
ரம்பப் பல்லாய் ஓடியது கோடு:
மேடு, சரிவு, மேடு, சரிவு.
சரிவின் அடியில் விரல் வைத்தார்.
இதயம் தள்ளாத நேரம் இது.
பார், அப்பவும் தரையைத் தொடவில்லை.

இருபத்தெட்டாம் வாரம் அந்த அடி இன்னும் உயர்ந்திருந்தது.
வழி விரிகிறது என்றார்.
முப்பத்திரண்டில் குழந்தைக்கு விக்கல்.
கோடெல்லாம் குலைந்து
ஒன்றும் எழுத முடியாமல் இருவரும் காத்திருந்தோம்.
யாரோ நினைக்கிறாங்க என்றேன்.
சொன்ன பிறகுதான் தோன்றியது,
பெயரே இல்லாததை
யார் நினைப்பது?

அன்றுதான் எனக்கு அடுத்து
வண்ணாமடைக்காரி ஒருத்தி படுத்தாள்.
செருப்புக்குள் அடங்காத பாதம்.
நான் புடவையைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.
திரைச்சீலை சரியாக மூடவில்லை.
அவள் கோடு
இரண்டு மேட்டுக்கு நடுவே
தரையில் கிடந்தது.

டாக்டர் மேசையிலிருந்து ஒரு வரைபடத்தை எடுத்தார்,
புள்ளி புள்ளியாய், நடுவே வளைந்தேறும் கோடு.
அவள் எண்ணை அதில் வைத்துப் பார்த்தார்.
வைத்த இடத்தில் பேனாவை எடுக்காமல்
போனில் திருச்சூரைக் கூப்பிட்டார்.
புள்ளிகளில் எது நானென்று தெரியவில்லை.
ஆம்புலன்ஸ் போனது.
பிறகு என்ன ஆயிற்றென்றும் தெரியவில்லை.

மறுநாள் காலை
இளநீர் லாரிக்காரன் மேடையில் ஏறாமல்
ஓரமாய் நழுவப் பார்த்தான்.
காலி வண்டிதானேக்கா, சாயங்காலம் லோடோட வரேன்,
இப்ப எதுக்கு?

ஏத்து என்றேன்.