மூன்றாவது சிலிண்டர்

வண்டி கயிற்றில் வந்தது.
ஆலத்தம்பாடியிலிருந்து டிராக்டர் இழுத்துவர
ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உள்ளே வீரையன்,
தானே ஓட்டிவருகிற மாதிரி
முகத்தை வைத்துக்கொண்டு.

"முழங்கால் தண்ணிதான்" என்றார்.
இந்த மழைக்கு வந்த ஏழு வண்டியும்
முழங்கால் தண்ணியில்தான் நின்றன.
யாருடைய முழங்கால் என்று நான் கேட்பதில்லை.
தண்ணீர் தன் உயரத்தை எழுதிவிட்டுத்தான் வடிகிறது.
கதவின் உள்பக்கம் சேற்றுக்கோடு,
டேஷ்போர்டுக்கு நாலு விரல் கீழே.
ரேடியேட்டர் முன்னால் செருகிக்கொண்டு
நெய்வேலிக் காட்டாமணக்கு, ஒரு முழுக் கொப்பு,
வாடாத ஊதாப் பூவோடு.

"ஒரு தடவை சாவி போட்டுப் பாரேன்."
அனஸ் பேட்டரி வயரைக் கழற்றி ஒதுக்கினான்.
எங்கள் பட்டறையில் அதற்குப் பதில் அதுதான்.

ஏர் ஃபில்டரைப் பிழிந்தால் அரைச் சொம்பு.
ஆயில் கம்பியைத் துடைத்து விட்டு எடுத்தேன்,
கழனித்தண்ணி.
பிளக் நான்கையும் கழற்றி
எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லி
ஸ்பானர் போட்டுக் கையால் சுற்றினேன்.
முதல் ஓட்டை கொஞ்சம் துப்பியது.
இரண்டாவதில் வெறும் காற்று.
மூன்றாவது
என் சட்டைப்பை வரைக்கும் அடித்தது.
முள்ளியாற்றுத் தண்ணி. உதட்டில் மணல் கடித்தது.

காயவிட்டு, இரண்டு தடவை ஆயில் மாற்றி,
பேட்டரியை மாட்டி, கேஜை வைத்துப் பார்க்க
மறுநாள் மதியம் ஆகிவிட்டது.
அனஸ் தரையில் சாக்பீஸால் எழுதினான்.
நூற்று எழுபது
நூற்று அறுபத்தைந்து
நூற்று இருபது
நூற்று எழுபது.

இதற்கென்றே ஒரு சைக்கிள் ஸ்போக் வைத்திருக்கிறேன்.
பிளக் ஓட்டைக்குள் விட்டு
பிஸ்டன் உச்சிக்கு ஏறும்போது
ஸ்போக் எவ்வளவு வெளியே நிற்கிறதென்று
நகத்தால் குறிக்கவேண்டும்.
மூன்று பிஸ்டன் ஒரே குறிக்கு வந்தன.
மூன்றாவது சிலிண்டருடையது
ஒரு நெல்லின் கனம் குறைந்தது.

காற்றை நசுக்கலாம். தண்ணீர் நசுங்காது.
ராடு வளையும்.

"நின்ன பிறகு ஸ்டார்ட் பண்ணீங்களா?"
"இல்ல."
"தள்ளினீங்களா?"

டிராக்டர் போன திசையைப் பார்த்தார்.
பிறகு வண்டிக்குள்ளிருந்து
ஒரு ஜவுளிக்கடைப் பையை எடுத்தார்.
உள்ளே அடங்கல், சிட்டா, பேங்க் புத்தக நகல்,
நாற்பத்திரண்டு பேருடையது.
பயிர்க் காப்பீட்டுக்கு அன்றைக்குத்தான் கடைசி நாள்.
"பாலத்துப் பையனுவ நாலு பேரு தள்ளுனானுவ.
செகண்ட் கியரு. கிளட்ச விட்டேன்.
டக்குன்னுச்சு."

"பேப்பர் போய்ச் சேர்ந்துச்சா?"
"தலையில வச்சுக்கிட்டு நடந்தே போனேன்.
சர்வர் படுத்துருச்சுன்னாங்க.
மறுநாக் காலையில
தேதிய நீட்டிச்சுட்டாங்க."

அனஸ் சிரித்துவிட்டான். அவரும்தான், கொஞ்சம் தாமதமாக.

"பயிரு முங்குனா வடியிற மட்டும்
உரத்தத் தொடாதேன்னு
நாந்தான் ஊருக்கே சொல்லிக்கிட்டுத் திரியிறேன்"
என்று வண்டியிடம் சொன்னார்.

இன்சூரன்ஸ் சர்வேயர் ஹேமநாதன்
மூன்று தடவை போன் பண்ணிவிட்டார்.
என் படிவத்தில் ஒரு கேள்வி இருக்கிறது:
வண்டி நின்றபின் மீண்டும் இயக்க முயன்றாரா?
ஆம், இல்லை, இரண்டு கட்டம்.
வயலுக்கும் ஒரு அதிகாரி வருவார்,
எத்தனை நாள் தண்ணி நின்றதென்று கேட்பார்,
நாற்பத்திரண்டு பேரும் ஏதாவது ஒரு எண் சொல்வார்கள்.
படிவத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.
பை இன்னும் ஈரமாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை எஞ்சினைப் பிரித்தோம்.
ராடைக் கழுவிக் கையில் கொடுத்தேன்.
ஒரு கண்ணை மூடி
வெளிச்சத்துக்கு நேரே பிடித்து,
வேலிக்கழி பார்க்கிற மாதிரி
திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நேராத்தானே இருக்கு?" என்றார்.