இடமரை

அஸ்தம்பட்டியில் இரண்டு, ஐந்து ரோட்டில் ஒன்று,
சீலநாயக்கன்பட்டி வரை போனால் இன்னும் மூன்று.
ஆறு கடையிலும் காற்றடிக்க மாட்டேன் என்றார்கள்.
ஒருவன் ரிம்மைப் பார்த்ததுமே
ஹோஸைச் சுருட்டி உள்ளே கொண்டுபோய் வைத்தான்,
நான் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவேன் என்பதுபோல.

அவர்கள் மேல் தப்பில்லை.
ஐம்பத்தெட்டாம் வருஷத்து ஃபார்கோ, ஒரு டன்.
சக்கரம் ஒரே துண்டு கிடையாது:
ஒரு தட்டு, அதன்மேல் ஒரு வளையம்,
அதைப் பிடித்துக்கொள்ள இன்னொரு வெட்டு வளையம்.
காற்று ஏற ஏற
மூன்றும் ஒன்றையொன்று நம்பி நிற்க வேண்டும்.
துரு தின்றது போக நம்பிக்கை எவ்வளவு பாக்கி என்று
வெளியிலிருந்து தெரியாது.

கொண்டலாம்பட்டியில் ரவூப் மட்டும்
தரையில் குந்தி உட்கார்ந்து பார்த்தார்.
அவர் தாடையில் பிறை மாதிரி ஒரு பள்ளம்.
எந்த லாரி என்று நான் கேட்கவில்லை.
"நாலையும் மாத்துறதுன்னா இறங்கும்மா.
இல்லேன்னா இப்படியே மலையேறிடு.
மெதுவா. ஆளில்லாத நேரமா."

இறங்கினேன்.

லிங்கேஷுக்கு வயது பத்தொன்பது, கையில் காற்றுத் துப்பாக்கி.
வலப்பக்கம் பத்து நிமிஷம்.
இடப்பக்கம் முதல் நட்டு அசையவே இல்லை.
ஸ்பேனரில் குழாயைச் செருகி அதன்மேல் ஏறிக் குதித்தான்.
கைமுறுக்கு ஒடிகிற சத்தத்தோடு போல்ட்டு போயிற்று.

ரவூப் மண்ணெண்ணெய்த் துணியால்
அடுத்த போல்ட்டின் முனையைத் துடைத்தார்.
எறும்பளவில் ஓர் எழுத்து: எல்.
"இந்தப் பக்கம் மரை தலைகீழ்டா.
கழட்டுறதா நினைச்சு
இவ்வளவு நேரம் இறுக்கிட்டிருந்திருக்கே."
"யாருண்ணே இப்படிச் செய்வான்?"
"ஓடறப்போ கழண்டுடுமோன்னு பயந்தவன்."

எனக்குத் தெரியும்.
மஞ்சக்குட்டை வளைவில்
மழையோடு பஞ்சர் பார்த்த ராத்திரியிலிருந்தே தெரியும்.
சொல்ல மறந்துவிட்டேன்.
போல்ட்டு காசை அவன் கூலியில் பிடிக்க வேண்டாம்
என்று மட்டும் சொன்னேன்.

புது ரிம் ஒரே துண்டு, ஆனால் உட்காரவில்லை.
நடு ஓட்டை இரண்டு மில்லி சிறிசு.
செவ்வாய்ப்பேட்டை லேத்தில் கடைந்து வரும்வரை
நாலு மரக்கட்டை மேல் நின்றது வண்டி,
பல் கட்டப் போன இடத்தில்
இருந்ததையும் கொடுத்துவிட்ட முகத்தோடு.

அந்த நேரத்தில் ரவூப் கேஸ் பற்றவைத்தார்.
பழைய இரும்புக்காரன் முழுசாகவே எடுப்பான்,
வெட்டுவதற்குக் கூலி யாரும் தரப்போவதில்லை.
ஆனாலும் நாலு வெட்டு வளையத்தையும்
ஒவ்வொன்றாகக் கிடத்தி இரண்டாக அறுத்தார்.
எட்டுத் துண்டும் சிவப்பு போய்க் கறுத்தன.
"யாராவது எடுத்துப் பூட்டிடுவான்" என்றார்.
பிறகு டீ சொன்னார்.

தட்டும் துண்டும் சேர்ந்து தொண்ணூற்றாறு கிலோ.
பில்லில் ஜசிந்தா என்பதை
ஜெயசிந்தா என்று எழுதியிருந்தார். திருத்தவில்லை.

இருட்டிய பின் ஏறினேன்.
ஸ்டியரிங் இவ்வளவு லேசாகும் என்று
தோளுக்கு யாரும் சொல்லவில்லை;
நாலாவது கொண்டை ஊசியில் அதிகம் ஒடித்து
தடுப்புச் சுவரின் சுண்ணாம்பு வரை போய் மீண்டேன்.

பாதி மலையில் ஒருமுறை இறுக்கச் சொல்லியிருந்தார்.
வலப்பக்கம் பத்து நட்டு.
இடப்பக்கம் ஒன்பது, உடைந்ததற்கு
இடமரை போல்ட்டு சேலத்தில் எங்கும் இல்லை.
கை ஒரு கணம் நின்றது,
எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று கேட்டுக்கொண்டு.
இடதாக இழுத்தேன். இறுகியது.
கீழே ஊர் முழுக்க விளக்கு.

புது டயர் கொஞ்சம் குள்ளம்,
அதே தூரத்துக்கு அதிகம் சுற்ற வேண்டும்.
மீட்டருக்கு அது புரியாது,
சுற்றை எண்ணி கிலோமீட்டர் என்று எழுதும்.
வழக்கமாக முப்பத்தொன்றில் வருகிற ஏரி
அன்றைக்கு முப்பத்துமூன்றில் வந்தது.
நகராமல்தான் இருந்தது,
படகுகளை எல்லாம் கட்டிப்போட்டபடி.