மற்றப் பக்கம்

கரடிப்போக்குச் சந்தியில்
நினைவுக்கல் வெட்டுகிற அமலசிங்கத்தின் பட்டறையில்
சுவரோடு சாத்தி வைத்திருந்த கல் இது.
வெள்ளை மாபிள், மூன்றடிக்கு இரண்டடி,
மூன்றில் ஒரு பங்கு விலை.
ஏன் என்று திருப்பிப் பார்த்தோம்.
அமரர் இளையதம்பி கணபதிப்பில்லை.

பிள்ளைக்குப் பில்லை.
வீட்டார் வந்து பார்த்துவிட்டு
அப்பருக்கு இது வேண்டாம் என்று போய்விட்டார்களாம்.
அமலசிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்:
"ரெண்டே ரெண்டு எழுத்து, தங்கச்சி."

எழுத்து கீழே, வழுவழுப்பு மேலே.
சீமெந்துக்கல் அடுக்கி இவர் ஏற்றி வைக்க
வட்டக்கச்சியில் எங்கள் குசினிக்கு
ஒரு மேடை வந்தது.

மாபிளுக்கு வாய் உண்டென்று அப்போது தெரியாது.
மஞ்சளைக் குடிக்கும், தேத்தண்ணியைக் குடிக்கும்,
பீற்றூட் வெட்டிய சிவப்பை
இரண்டு நாள் உதட்டில் வைத்திருக்கும்.
அப்பச்சோடாவைத் தோசைமாப் பதத்தில் குழைத்து அப்பி
சொப்பிங் பையால் மூடி விடியும்வரை விட்டால்
குடித்ததைத் துப்பும்.
எல்லாவற்றையும் அல்ல.

எங்கள் கிணற்றுத் தண்ணி வேறு.
ஈரம் போனால் சுண்ணாம்பு மிஞ்சும்:
குழாயின் கழுத்தில், கேத்திலின் வயிற்றில்.
குழாய்க்கு வினாகிரி நனைத்த துணியைச் சுற்றிவிடுவேன்,
தொண்டை நோக்காரருக்குச் சுற்றுவதுபோல.
எவர்சில்வர் சிங்கை
அதன் கோடு ஓடும் பக்கமாகத்தான் தேய்க்க வேண்டும்,
குறுக்கே போனால் மறக்காது.
ஆனால் அந்த வினாகிரியில் ஒரு சொட்டும்
கல்லில் விழக்கூடாது.

விழவில்லை. விழுந்தது தேசிக்காய்.
பொரித்த மீனுக்கென்று வெட்டிய பாதியை
மச்சாள் கவிழ்த்து வைத்துவிட்டுப் போன் எடுக்கப் போனாள்.
லீசிங் கொம்பனிக்காரன். முக்கால் மணித்தியாலம்.
திரும்பி வந்து தூக்கினால் வட்டமாய் ஒரு மங்கல்.
கறை என்றால் எடுக்கலாம்.
புளிப்பு கல்லின் தோலையே தின்றிருந்தது.
சாய்ந்து பார்த்தால் மட்டும் தெரியும்.
நான் ஒவ்வொரு நாளும் சாய்ந்து பார்த்தேன்.

பரந்தனிலிருந்து பொலிஷ் மெசினோடு வந்த பொடியன்
விரலால் தடவிப் பார்த்துவிட்டு,
"ஏன் அக்கா வீணாய்ச் செலவழிக்கிறியள்?
திருப்பிப் போட்டால் புதுசுதானே."

"மற்றப் பக்கம் ஆள் இருக்கு, தம்பி."

சிரிக்கவில்லை. குனிந்து டோர்ச் அடித்தான்.
மேடைக்குக் கீழிருந்து
எழுத்துக் கூட்டுகிற குரல் வந்தது.
"பிழையா எழுதியிருக்கு."
"ஓம்."
வெளியே வந்து, சுற்றிய வயரை அவிழ்த்து
மறுபடி சுற்றினான்.
"எங்கட அப்பாவுக்கு
எழுத்துப் பிழைகூட இல்லை, அக்கா."

பிறகு மெசின் போட்ட சத்தத்தில்
நான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்கவில்லை.
ஆயிரத்தைந்நூறு வாங்கினான், மிச்சம் எண்ணித் தந்தான்.
மங்கல் போய்விட்டது.
இப்போது அந்த இடம் மட்டும் கூடுதலாய் மினுங்குகிறது,
அதுவும் வட்டம்தான்.

சனிக்கிழமைகளில் மேடைக்குக் கீழே குந்தி இருக்கிறேன்.
பில்லையின் சுழிகளுக்குள் எறும்பு மண் வைக்கும்.
பழைய பல்துலக்கி, இளஞ்சூட்டுத் தண்ணி,
ஒரு சொட்டுச் சோப்பு, பிறகு காய்ந்த துணி.
மேல் பக்கத்துக்கு என்னவோ அதேதான்.
ஈரம் மட்டும் நிற்கக்கூடாது.

தேசிக்காயை இப்போது
கிணற்றடியில் வைத்து வெட்டுகிறோம்.