இரண்டு கூண்டுகள்

பீடோரில் லியோங் கடைக்குப் பின்னால்
இரண்டு கூண்டு.
ஒன்றில் பார்டர் கோலி, ஒன்றில் ஜேக் ரசல்.
"ரெண்டும் நல்லா ஓடும்லா" என்றார்.
அதற்குத்தானே வந்திருக்கிறோம்.

சிலிம் ரிவரில் எங்கள் வீட்டு நாற்காலிகள் புதுசாகவே இருக்கின்றன.
மாதங்கி நானூறு மீட்டர்.
பிரதீபன் ஐந்தரைக்கே சைக்கிளோடு
தஞ்சோங் மாலிம் பக்கம்.
எனக்கு எண்ணெய் ஆலையில் இரவு ஷிஃப்ட்;
முடிந்ததும் சப்பாத்து மாற்றிக்கொண்டு
செம்பனை வரிசைக்குள் ஆறு கிலோமீட்டர்.

ஜேக் ரசல் கம்பியைக் கடித்தது.
எலி என்றால் உயிரை விடும் இனம்.
ஆந்தைக்குப் பெட்டி கட்டி வைத்தும்
தோட்டத்தில் எலி தீரவில்லை.
வெட்டிப்போட்ட மட்டைக் குவியலுக்குள்
எலிக்குப் பின்னால் இது போகும்.
இதற்கு முன்னாலேயே நாகம் போயிருக்கும்.

கோலி குரைக்கவில்லை.
மேய்க்க ஆடு ஏது எங்கள் ஊரில்,
என்ன செய்வாய் நீ?
லியோங் கூண்டைத் திறந்துவிட்டார்.
கைப்பேசியோடு வாசல் பக்கம் நழுவிய பிரதீபனை
குட்டி சுற்றி வந்து மறித்தது.
அடுத்து மாதங்கி.
பிறகு என் கணுக்கால்.
லோரி எண்ணெய்க் கறை படிந்த சிமெண்டுத் தரையில்
மூன்று பேரும் ஒரு முழ இடைவெளியில் நின்றோம்.
கடைசியாக எப்போது இப்படி?
தீபாவளிக்கா?

"எது வேணும்?" என்றார் லியோங்.
மாதங்கி மற்ற கூண்டுக்குள் விரலை விட்டிருந்தாள்.
லேசாக ரத்தம்.
சிரித்தாள்.

நான் பர்ஸைத் திறந்தேன்,
மூடினேன்.
இந்த நேரத்துக்கு நான் தூங்கியிருக்க வேண்டும்.