ஒன்று பதினேழு

களியக்காவிளையிலிருந்து பாறசாலைக் கடைக்கு
நடந்தே போய்விடலாம்.
செக்போஸ்ட்டில் கோழி லாரிகள் நிற்கும்.
என்னை யாரும் நிறுத்தியதில்லை,
ஒன்பது வருஷமாக.

கடை வாசலில் ஒரு மெஷின்.
கட்டைவிரல் வைத்தால் தேங்க்யூ என்னும்.
அந்தக் கடையில் எனக்கு
தேங்க்யூ சொன்னது அது ஒன்றுதான்.

ஓண வியாபாரம்.
சாப்பாட்டுக்குப் போவதாக விரல் வைத்துவிட்டு
திரும்பவும் கவுண்டருக்கு வரவேண்டும்.
ஷைஜு சார் சொல்வார்:
"கணக்கில ஊணு, கையில ஜோலி."
1:02க்கு நான் சாப்பிடப் போனேன்
என்று மெஷின் நம்பியது.
டிபனில் மரச்சீனியும் சாளைக்கறியும்
மூடியபடி இருந்தன.

ஒரு சேச்சி புட்டுக்குடம் எடுத்து வந்தாள்.
பில் போட்டேன்.
அடுத்து நின்றவருக்குக் குக்கர், ஐந்து லிட்டர்,
மேல்தட்டில்.
ஏணி வாசலுக்குப் போயிருந்தது.
மாவேலி படம் போட்ட பேனரைக்
கட்டிக்கொண்டிருந்தார்கள்: முப்பது சதவீதம் கழிவு.
சோடா கிரேட் இரண்டைக் கவிழ்த்து ஏறினேன்.
தினமும் ஏறுவதுதான்.

விழுந்தது நினைவில்லை.
பெட்டி பிளந்து ஒரு மூடி மட்டும்
தரையில் சுற்றிச் சுற்றி
ரொம்ப நேரம் கழித்து நின்றது.

ஆட்டோவில் ஏற்றும்போது ஷைஜு சார் குனிந்தார்.
"வீட்டில விழுந்தேன்னு சொல்லணும், கேட்டோ.
பின்ன எல்லாம் நம்ம பாத்துக்கிடலாம்."
தலையாட்டினேனோ என்னவோ.

மூன்றாம் நாள் ஆரஞ்சுப் பழத்தோடு
ஒரு தாளும் வந்தது.
மலையாளம் எனக்கு நாக்கில் உண்டு,
கண்ணில் இல்லை.
வலது கை மாவுக்கட்டில்.
இடது கட்டைவிரலைப் பிடித்து வைத்தார்கள்.
மை துடைக்கப் பஞ்சுகூட
மறக்காமல் கொண்டுவந்திருந்தார்கள்.

கட்டுப் பிரித்தபோது
வலது கட்டைவிரல் மடங்கவில்லை.
ஊனம் முப்பது சதவீதம் என்று டாக்டர் எழுதினார்.
பேனரில் போட்டிருந்த அதே முப்பது.
சிரித்துவிட்டேன்.
சிஸ்டர் ஏனென்று கேட்டாள். எப்படிச் சொல்ல?

குழித்துறை வக்கீல் ஜெயசிங் சொன்னார்:
"விழுந்தது கேரளத்தில, பிள்ளே.
ஆனா நீ இருக்கிய இடத்திலயே கேஸ் போடலாம்.
சட்டத்தில உண்டு."
நஷ்டஈடு கேட்டு மனு போட்டோம்.
கடையிலிருந்து பதில் வந்தது:
1:02க்கு வெளியே போனவள்.
எங்கே விழுந்தாள் என்று எங்களுக்குத் தெரியாது.
கேமரா அன்றைக்கு வேலை செய்யவில்லையாம்.
அடிபட்டது அதற்கும்தான் போல.

புட்டுக்குடத்துச் சேச்சியின் பெயர் லதிகா.
இடிச்சக்கப்பிலாமூடு.
குடத்துக்குள் போடும் சில்லு பொருந்தவில்லை என்று
மாற்ற வந்திருக்கிறாள்.
புதுப் பெண் சொல்லியிருக்கிறாள்:
"பில் போட்ட விஜிலாக்கா நின்னுட்டாங்க."
ஏன் நின்றாள், எங்கே இருக்கிறாள் என்று
கேட்டுக் கேட்டு
எல்லை தாண்டி வீட்டுக்கே வந்துவிட்டாள்.
கையில் பில்.
கவுண்டர் 3. விஜிலா. 1:17.

பதிலோடு வந்த தாளையும் அவள்தான் வாசித்தாள்.
"மதிய இடைவேளையில், கடைக்கு வெளியே,
ஸ்வந்தம் அஸ்ரத்த காரணம்..."
என் சொந்தக் கவனக்குறைவாம்.
அந்தத் தாளில் எனக்குச் சொந்தமாக
எழுதியிருந்தது அது ஒன்றுதான்.

மூன்று முறை வாய்தா ஆகிவிட்டது.
பில் தாள் சூடு தாங்காது.
பிளாஸ்டிக் கவரில் போட்டு, துணியில் சுற்றி,
பீரோவின் அடித்தட்டில் வைத்திருக்கிறேன்.
ஜெராக்ஸ் இருக்கிறது, ஆனால் அசல் கேட்பார்கள்.
போன வாரம் எடுத்துப் பார்த்தேன்.
என் பெயரில் பாதி வெளுத்திருந்தது.
1:17 அப்படியே நிற்கிறது.

பில் என்னிடம் இருப்பதால்
லதிகா சேச்சிக்கு இன்னும் குடம் மாறிக் கிடைக்கவில்லை.
சில்லுக்குப் பதில்
கண் துளைத்த சிரட்டையைக் கவிழ்த்துப் போட்டு
அவித்துக்கொண்டிருக்கிறாளாம்.
ஓரத்தில் கொஞ்சம் ஆவி போகும் என்றாள்,
சாரமில்ல.