எடைப்பாலத்தில் யூலை

சீனக்குடா சீமெந்து ஆலையில்
எடைப்பாலத்துக் கூண்டுக்குள் எனக்கு வேலை.
லொறி ஏறும். இலக்கம் நடுங்கி நிற்கும்.
துண்டு எழுதுவேன்: மொத்தம், வெற்று, நிகர்.
பிறகு முத்திரை.

கப்பலோடு வந்த ஜப்பான் எஞ்சினியர்
விட்டுப்போன கலண்டர் சுவரில்.
மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட படங்களாம்.
யூலைத் தாளை நான் இன்னும் திருப்பவில்லை.
இது ஒக்டோபர்.

மூங்கில் கிளை நிறையக் காகிதத் துண்டுகள்.
நீல அங்கிக்காரி ஒருத்தி
குதிக்காலை உயர்த்தி, நூலைப் பல்லில் கடித்தபடி
இன்னும் ஒன்று கட்டுகிறாள்.
அவளுடைய கைப்பட்டியின் சிவப்பு
கோட்டுக்குள் நிற்காமல் மயிரிழை வெளியே வந்திருக்கிறது.
நிறத்துக்கு ஒரு கட்டை;
ஏதோ ஒரு கட்டை விலகியிருக்கிறது.
நான் அதிகம் பார்ப்பது அந்த விலகலைத்தான்.

பாதி கையாலும் பாதி இங்கிலீசாலும் அவர் சொன்ன கதை:
வானத்தில் ஓர் ஆறு.
இக்கரையில் நெசவுக்காரி, அக்கரையில் மாட்டுக்காரன்.
வருசத்தில் ஒரே இரவு
பறவைகள் சிறகு கோத்துப் பாலம் போடும்.
அன்று மழை பெய்தால் ஆறு பெருகும்,
சந்திப்பு இல்லை.

'இங்க யூலையில மழையே இல்லை,
கச்சான் காத்து மட்டும்தான்' என்றேன்.
'அப்படியென்றால் உங்களுக்கு லேசு' என்றார்.

லேசு.

ரமீஸ் கிண்ணியாவிலிருந்து வருகிறவன்.
அவனுடைய வாப்பா காலத்தில் பாதையில்தான் கடப்பு;
பாதை அக்கரையில் நின்றால்
இக்கரையில் வெயிலோடு நிற்க வேண்டும்.
இப்போது பாலம். இரண்டு நிமிசம்.
இரண்டு நிமிசத்தில் கடக்க முடியாதது
தண்ணீர் இல்லை என்று
அவனுக்கும் தெரியும்,
வெள்ளிக்கு வெள்ளி கோணேசர் மலை ஏறும்
அம்மாவுக்கும் தெரியும்.

மலை விளிம்பு மரத்தில் தொட்டில்கள், துணி முடிச்சுகள்.
அங்கே எழுதும் வழக்கமில்லை, கட்டுவது மட்டும்தான்.
எனக்காக அம்மா முடிந்த மஞ்சள் துணிக்குள்
யாருடைய பெயரோ.

'ஏன் பிள்ளை யூலை தொங்குது?' என்றார் மனேஜர்.
'இந்த நாட்டில அந்த மாசத்தை
ஆராவது சுவரில வச்சிருப்பினமோ?'
நான் முத்திரையை மையில் ஒற்றினேன்.

முத்திரையைத் திருப்பிப் பார்த்தால்
எழுத்தெல்லாம் இடம்வலம் மாறிக் கிடக்கும்.
அந்தக் கட்டைகளும் அப்படித்தானாம்.
வேண்டியதை மாற்றிச் செதுக்கி
வேண்டாததைத் தோண்டி எறிய வேண்டும்.
அழுத்திய பிறகுதான் அது நேராகும்.

இன்று மத்தியானம்
ரமீஸின் துண்டுக்குப் பின்புறம் மூன்று சொல் எழுதினேன்,
இடம்வலம் மாற்றி.
கேற்றில் நிற்கும் காவல்காரருக்கு அது பேனை ஓடுதா என்று பார்த்த கிறுக்கல்.
முன்புறம் நிகர் இருபத்தாறு தொன்.

வாங்கினான். பார்த்தான். புரட்டினான்.
ஒன்றும் சொல்லாமல் மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.
சரி, விளங்கவில்லை என்று நினைத்தேன்.

கேற்றைத் தாண்டி லொறி நின்றது.
அவனுடைய கை ஜன்னலால் வெளியே வந்தது,
பக்கக் கண்ணாடிக்கு நேரே ஒரு வெள்ளைத் துண்டு.

நின்றது.
பின்னால் கோர்ன் அடித்தார்கள்.
பிறேக் விளக்கு அணையவில்லை.
அப்போதுதான் வாடையின் முதல் மழை
என் கண்ணாடியில் சாய்ந்து விழுந்தது.
அந்தச் சிவப்பு தன் கோட்டைவிட்டு
மெல்ல வெளியே வந்தது.

அடுத்த லொறி பாலத்தில் ஏறிவிட்டது.
இலக்கம் இன்னும் நடுங்குகிறது.